கொடுத்தவன் பெயர்: கொல்லிமலை ஆடி விழாவும் ஆழ்வார் காட்டும் நெறியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவம் என்றவுடன் எம்பெருமானின் புறப்பாடும் கோஷ்டியும் ததீயாராதனமும் நம் நினைவுக்கு வரவேண்டும். அடியேனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உத்ஸவத்தில் நினைவுக்கு வந்ததோ வேறொன்று. ஒரு திவ்யதேசத்தின் உத்ஸவத்தில் ஒருநாள் ததீயாராதனத்துக்குரிய த்ரவ்யத்தை அடியேன் சமர்ப்பித்திருந்தேன். பத்திரிகை அச்சாகி வந்தது. அந்நாளுக்கு நேரே உபயதாரர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அச்சிடும்போது நேர்ந்த சிறு பிழை, வேறொன்றும் இல்லை. அன்று ததீயாராதனம் குறைவின்றி நடந்தது. பாகவதர்கள் திருவுள்ளம் உகந்து அமுது செய்தார்கள். ஆயினும் அன்று முழுவதும் அடியேன் நெஞ்சம் கோஷ்டியில் நிற்கவில்லை. அந்த வெற்றிடத்திலேயே நின்றது.

பிறகு எண்ணிப் பார்க்கையில் ஒரு கேள்வி எழுந்தது. கைங்கர்யம் நடந்துவிட்டது. எம்பெருமான் அறிவான். பாகவதர்கள் அமுது செய்தார்கள். அப்படியாயின் குறைந்தது எது? கொடுத்தவனுக்குப் பெயர் வேண்டுமா? வேண்டும் எனில், எந்தப் பெயர்? இக்கேள்விக்கு விடை தேடும் வழியில் அடியேனுக்கு வாய்த்தது கொல்லிமலையின் ஆடி விழா. ஒரு கொடையாளியின் பெயரை நெடுங்காலமாக விடாமல் சொல்லிவரும் மலை அது. நம் குலசேகராழ்வாரின் பெயரோடும் ஒட்டி நிற்கும் மலை அது.

நாமக்கல்லில் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் ந்ருஸிம்ஹனையும், அவனுக்கு எதிரே 18 அடி உயரத்தில் கூரையின்றிக் கைகூப்பி நிற்கும் திருவடியையும் ஸேவித்துவிட்டே மலைக்குப் புறப்பட்டோம். லங்கையில் அரக்கர் நடுவே நின்று திருவடி தன்னை அறிவித்த முறையை ஸ்ரீராமாயணம் அறிந்தவர் மறவார். கோஸல மன்னனுக்கு அடிமை என்பதை முதலில் சொல்லி, அதன்பின் அன்றோ தன் பெயரைச் சொன்னார்! அடிமை முன்னும் பெயர் பின்னுமாக அமைந்த அந்த வரிசையின் பொருள் அப்போது அடியேனுக்குப் புலப்படவில்லை. மலையிலிருந்து இறங்கும்போதுதான் புலப்பட்டது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. மலையின் மேல் 14 நாடுகள். நாடு என்பது இங்கே பேரரசு அன்று. சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு பகுதி. மலையாளி என்னும் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்துவரும் நிலம். இப்போது மிளகும் காப்பியும் அன்னாசியும் மிகுதி. அவற்றுள் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது செம்மேடு. மலைக்குத் தலைமையிடம் போன்ற அவ்வூரில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய இரு நாட்களில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். சிலைக்கு மாலை சாற்றுகிறார்கள்; வில்வித்தைப் போட்டி நடக்கிறது; மலர்க் கண்காட்சியும் கலை நிகழ்ச்சிகளும் உண்டு. அதே நாட்களில் ஆடிப்பெருக்குக்காக மலையேறி வருவோர் ஆகாய கங்கை அருவியில் நீராடித் தத்தம் தெய்வங்களைத் தொழுகிறார்கள்.

அவ்வாண்டு ஆடி 18 அன்று செம்மேட்டில் கூட்டம் மிகுந்திருந்தது. சிலைக்குச் செல்லும் வழியெங்கும் பதாகைகள். மாலை சாற்ற வருவோரின் பெயர்கள் அவற்றில் பெரிய எழுத்தில் இருந்தன. ஓரியின் பெயரோ சிறிய எழுத்தில் இருந்தது. கொடையாளியின் விழாவில் கொடையாளியைக் காட்டிலும் மாலையிடுவோர் பெயர் பெரிதாயிற்றே என்று நகைக்க வாயெடுத்த அடியேனுக்கு, நமது பத்திரிகையின் வெற்றிடம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஓரி யார்? கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனை எண்ணுகிறது. அவனுடைய வில்லாற்றலைச் சொல்லும் புறநானூற்றுப் பாடல் ஒன்று உண்டு. 152ஆம் பாடல், வன்பரணர் பாடியது. அவன் விட்ட ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக அப்பாடல் கூறும். வில்லாற்றலைப் பேச வருவோர் இவ்வளவோடு நின்றுவிடுவர். பாடலோ அதற்கு மேலும் செல்கிறது. காட்டு வழியே வந்த பாணர் கூட்டம் இந்த வில்லாளன் யாரென்று அறியவில்லை. இவன் ஓரிதானோ, அல்லனோ என்று ஐயுறுகிறார்கள். முறைப்படி பாடல் துறைகள் இருபத்தொன்றையும் பாடி முடித்து, இறுதியில் அரசனைக் குறிக்கும் சொல்லைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டவுடன் அவன் என்ன செய்தான்? மகிழவில்லை, மார்பு விம்மவில்லை. அது தன் பெயராதலால் நாணினான். நாணியவன் வேட்டையில் கிடைத்ததை அவர்களுக்கு உணவாக்கி அளித்தான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் அந்தக் காட்டு வழியிலேயே கொடுத்து, பெற்றுக்கொள்ளுங்கள் என்றான்.

பெயர் காதில் விழுந்தபோது நாணியவனுடைய பெயர் மலையில் நின்றுவிட்டது. பெயர் காணாதபோது வெகுண்டவன் அன்று அந்தச் சிலையின் முன் நின்றிருந்தேன். கொடைக்குப் பெயர் வரலாம்; வந்த பெயருக்கு நாணும் நெஞ்சமே கொடைக்கு அழகு என்பது இங்கே அடியேன் பெற்ற முதற்பாடம்.

ஆயினும் ஓரியின் வரலாறு இத்துடன் முடியவில்லை. அவனைப் போரில் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்று கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. இங்கே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஒரு வள்ளல் மற்றொரு வள்ளலைக் கொன்று, அவன் மலையை மூன்றாமவனுக்குக் கொடுக்கிறான். இதுவும் கொடை என்றே பெயர் பெற்றது. கொடுத்தது யாருடைய மலை? காரியுடையது அன்று. ஓரியுடையதா? ஓரிக்கு முன்னும் மலை இருந்தது; பின்னும் இருக்கிறது. ‘எனது’ என்று ஒருவன் சொன்னாலன்றிக் கொடுக்க இயலாது. அப்படி ‘எனது’ என்று சொல்லும் உரிமையோ யாருக்கும் நிலையாக இல்லை. உலகோர் போற்றும் கொடைக்கு அடியில் இந்த இடர்ப்பாடு எப்போதும் உண்டு.

நம் பூர்வாசார்யர்கள் இந்த இடர்ப்பாட்டைத் திருமந்த்ரத்தின் நடுப்பதத்திலேயே தீர்த்து வைத்தார்கள். ‘நம:’ என்பதை ‘ந’ என்றும் ‘ம:’ என்றும் பிரித்தால், எனது அன்று என்பது பொருளாகும். நான் எனக்கு உரியேன் அல்லேன். என் கையிலிருக்கும் பொருளும் என்னுடையது அன்று. ஆகையால் ஸ்ரீவைஷ்ணவனுக்குக் கொடை என்று ஒன்று இல்லை, உள்ளது சமர்ப்பணம். பிறர் பொருளை உரியவனிடம் சேர்ப்பவன் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஓரிடத்துக் கடிதத்தை மற்றோரிடத்தில் சேர்க்கும் அஞ்சற்காரர் அதில் தம் பெயரை எழுதுவதுண்டோ? கர்மங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் நாம் அநுஸந்திக்கும் ஸாத்த்விக த்யாகத்தின் கருத்தும் இதுவே. செய்பவன் நான் என்னும் எண்ணம், எனது என்னும் எண்ணம், பலன் எனக்கு என்னும் எண்ணம் ஆகிய மூன்றையும் விடச் சொல்கிறது அது. ததீயாராதனத்தன்று காலையில் அதை அநுஸந்தித்துவிட்டுப் பத்திரிகையில் பெயரைத் தேடினேன் என்றால், விட்டதாகச் சொன்னதை விடவில்லை என்பதன்றோ பொருள்?

சேரர்க்கு வந்த அந்த மலையின் பெயர், சேரர் மரபில் திருவவதரித்த குலசேகராழ்வாரின் திருநாமத்தோடு சேர்ந்து நிற்கிறது. பெருமாள் திருமொழியில் ஆழ்வார் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்றும், கூடலுக்குத் தலைவன் என்றும், கோழியாகிய உறையூருக்கு அரசன் என்றும் சொல்லிக்கொள்கிறார். மும்முடியும் ஒருவருடையதாகச் சொல்லும் இப்பட்டங்கள், விழாப் பதாகைகளில் கண்ட பட்டங்களுக்குக் குறைந்தவை அல்ல. ஆழ்வாருமா தம் பெயரைப் பெரிதாக எழுதினார்?

அந்தப் பட்டங்கள் எந்த இடத்தில் வருகின்றன என்று பார்க்கவேண்டும். இரண்டாம் திருமொழியின் பலச்ருதிப் பாசுரம் அது. முதல் திருமொழியில் அரங்கனைக் காண ஏங்கிய ஆழ்வார், இரண்டாம் திருமொழியில் அரங்கனை விட்டு அரங்கனடியார்களைப் பற்றுகிறார். அவர்களுடைய திருவடித் துகளையும், அவர்கள் ஆடிப்பாடிக் கண்ணீர் சொரியும் நிலையையும் தொழுகிறார். அத்திருமொழியின் முடிவில் தம்மை அறிமுகம் செய்யும்போது ஒரு வரிசை அமைகிறது. முதலில் பிராட்டியின் நாயகனான அரங்கன். அடுத்து அவனுடைய மெய்யடியார்கள். அடுத்து அவர்களுக்குச் செய்யும் எல்லையற்ற அடிமை. அவ்வடிமையில் என்றும் பொருந்திய நெஞ்சம். இவ்வளவுக்கும் பின்னரே கொல்லியும் கூடலும் கோழியும் வருகின்றன. பட்டங்கள் அடியார் திருவடிக்கீழே வைக்கப்பட்டிருக்கின்றன. பாசுரத்தின் பலனாக ஆழ்வார் அருளிச்செய்வதும் அரசோ செல்வமோ அன்று. தொண்டர்க்குத் தொண்டராகும் பேறு. நாமக்கல்லில் திருவடியை ஸேவித்தபோது நினைவுக்கு வந்த அதே வரிசை இது: அடிமை முன், பெயர் பின்.

காவலன் என்ற சொல்லுக்கு ஆழ்வார் தம் திருமேனியாலேயே உரை எழுதினார் என்பதைக் குருபரம்பரை காட்டும். அரசர் அடியார்களோடே பொழுதைக் கழிப்பதைப் பொறாத அமைச்சர்கள், பெருமாளுடைய திருவாபரணத்தை ஒளித்து வைத்துவிட்டு அடியார்கள் மேல் களவுப்பழி சுமத்தினார்கள். ஆழ்வார் விசாரணை நடத்தவில்லை. அடியார் இது செய்யார் என்று சொல்லிப் பாம்பிட்ட குடத்தில் தம் திருக்கையை இட்டார். பாம்பு தீண்டவில்லை. மலையைக் காப்பது காவலன் தொழில் என்று எண்ணியிருந்தோம். அடியாரின் பெயர் கெடாமல் காப்பதே காவலன் தொழில் என்று காட்டினார். தம் பெயரை அன்று, பிறர் பெயரைக் காத்தார்.

இங்கே சிலர் ஒன்று கேட்கக்கூடும். பெயரே வேண்டாம் என்றால் நம் கோயில்களின் கல்வெட்டுகள் எதற்காக? அவற்றில் கொடுத்தவர் பெயரும் ஊரும் கொடுத்த பொருளும் விரிவாக வெட்டப்பட்டுள்ளனவே? நியாயமான கேள்வி. உத்ஸவங்கள் பொருளின்றி நடவா. பொருளுக்குக் கணக்கு வேண்டும். கணக்கில் பெயர் வந்தே தீரும். பெயரை மறைப்பது சில இடங்களில் கணக்கை மறைப்பதாகவும் முடியும். ஒருவர் பெயரைக் கண்டு மற்றொருவர் கைங்கர்யத்தில் புகுவதும் உண்டு.

ஆனால் அக்கல்வெட்டுகள் பெயரோடு நிற்பதில்லை. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிக்கப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஆடு மூப்பதும் சாவதும் உண்டு; மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாதபடி காக்கவேண்டும் என்பது பொருள். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தார். விளக்கிட்டவர் பெயர் கல்லில் உள்ளது. ஆனால் அவர் ஒருநாள் கொடுத்தார். இடையரும் அவர் பிள்ளைகளும் நாளெல்லாம் அளந்தார்கள். விளக்கு எரிந்தது யாரால்? இதை அறிந்தே நம் பெரியோர் அத்தகைய சாஸனங்களின் முடிவில் ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை என்று எழுதினார்கள். கொடுத்தது இனி என் கையில் இல்லை, ஸ்ரீவைஷ்ணவர்களின் காவலில் இருக்கிறது என்பது கருத்து. இன்னும் ஒருபடி இறங்கி, இந்தத் தர்மத்தைக் காப்பவர்களின் திருவடி என் தலைமேல் இருப்பதாக என்று எழுதி வைத்தவர்களும் பலர். காப்பவர்கள் என்றால் யார்? இனிப் பிறக்கப் போகிறவர்கள், பெயர் தெரியாதவர்கள். தன் பெயரைக் கல்லில் வெட்டியவன், பெயர் தெரியாதவர்களின் திருவடியை அதே கல்லில் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். கல்வெட்டின் பெயருக்கும் பதாகையின் பெயருக்கும் உள்ள வேறுபாடு இது. ஒன்று பொறுப்பைச் சொல்கிறது. மற்றொன்று புகழைக் கேட்கிறது.

மலையிலிருந்து இறங்கியபின் அடியேன் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனி எந்தக் கைங்கர்யத்திலும் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்பதே அது. அடுத்த ஆண்டு அவ்வாறே சொன்னேன். சொல்லும்போது உள்ளே ஓர் இன்பம் எழுந்ததையும் கண்டேன். பெயர் வேண்டாதவன் இவன் என்று அவர்கள் எண்ணுவார்களே என்னும் இன்பம்! பெயர் வேண்டும் என்ற இடத்தில் இருந்த அஹங்காரம், பெயர் வேண்டாம் என்ற இடத்துக்கு வீடு மாற்றிக்கொண்டது, ஒழியவில்லை. பெயரை அச்சிடுவதும் விடுவதும் நோய்க்கு மருந்தல்ல என்பது அப்போது விளங்கிற்று.

இந்த இடத்திலும் குலசேகராழ்வாரே கைகொடுக்கிறார். கொல்லி முதலிய மலைகளுக்குத் தலைவரான அவர், நான்காம் திருமொழியில் திருவேங்கடமாகிய மலையில் எப்படியாவது கிடக்க ஆசைப்படுகிறார். குருகாக, மீனாக, செண்பக மரமாக, காட்டாறாக, வழியாக, அடியார் ஏறும் படியாக இருக்க வேண்டுகிறார். இறுதியில் எது ஆனாலும் போதும் என்கிறார். மலையை உடையவர் வேறொரு மலையின் உடைமையாக விரும்புகிறார். படிக்குப் பெயர் உண்டோ? மிதிப்போர் அதைக் குனிந்தும் பார்ப்பதில்லை. ஆனால் நடந்தது என்ன? திருமலையில் மட்டுமன்றிப் பெருமாள் கோயில்களில் ஸந்நிதிப் படியைக் குலசேகரன்படி என்றே இன்றளவும் வழங்குகிறோம். பெயரற்றுக் கிடக்க ஆசைப்பட்டவரின் பெயரை அடியார்கள் படிக்கு இட்டார்கள். ஆழ்வார் அதைக் கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காட்டில் நாணி நின்ற ஓரிக்குப் புலவர் பெயர் தந்ததும் இவ்வாறே. பெயர் என்பது பிறர் தரும்போது ப்ரஸாதம். நாமே எடுத்துக்கொள்ளும்போது அது வேறு. ப்ரஸாதம் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கிடைக்காதபோது மடைப்பள்ளியில் சண்டையிடுவதில்லையே!

நமக்கென்று ஆசார்யன் தந்த பெயர் ஒன்று உண்டு. பஞ்ச ஸம்ஸ்காரத்தில் தாபமும் புண்ட்ரமும் ஆனபின் மூன்றாவதாக வருவது நாமம். அன்று நமக்கு அளிக்கப்பட்டது தாஸன் என்று முடியும் பெயர். தாஸன் என்ற பெயர் பத்திரிகையில் விடுபட்டால் தாஸனுக்குக் குறைவில்லை; கைங்கர்யம் விடுபட்டால்தான் குறைவு. அன்று அடியேன் தேடிய பெயர் ஆசார்யன் தந்த பெயர் அன்று. அதற்கு முன்பிருந்த பெயர். ஊரும் பதவியும் சேர்ந்த பெயர். காணாமற்போனது அதுவே என்றால், வருந்த வேண்டியதில்லை. அச்சிட்டவர் அறியாமல் செய்த உபகாரம் என்றே கொள்ளவேண்டும்.

ஆகையால் இப்போதெல்லாம் உத்ஸவக் கைங்கர்யத்துக்குப் பெயரை எப்படி இடுவது என்று கேட்பவர்களிடம் அடியேன் ஒன்றே சொல்கிறேன்: எல்லோருக்கும் எப்படி இடுகிறீர்களோ அப்படியே இடுங்கள்; விட்டுப்போனாலும் குறையில்லை. இந்தச் சொல்லின் பிற்பகுதி வாயிலிருந்து வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து முழுவதும் வந்துவிட்டது என்று சொல்லத் துணிவில்லை. பத்திரிகை வந்தவுடன் கண் இன்னும் அந்த வரிக்கே முதலில் செல்கிறது. சென்ற கண்ணை மீட்டுப் புறப்பாட்டு நேரத்தைப் பார்க்கச் செய்வதே இன்றைய அளவில் அடியேனுக்கு வாய்த்த அநுஷ்டானம்.

கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழும் நீர் ஐயாறு என்னும் பெயரோடு மலையிறங்கிச் சென்று காவிரியில் கலக்கிறது. கலந்தபின் ஐயாறு என்ற பெயர் இல்லை. நீர் மட்டும் இருக்கிறது. ஆடிப்பெருக்கையொட்டி நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் அளிக்கிறார். கொடுப்பவன் அவன், கொடுக்கப்படும் சீரும் அவனுடையது, பெற்றுக்கொள்ளும் காவிரியும் அவனுடையவள். சீர் ஆற்றோடு போகிறது. அதில் எந்த உபயதாரரின் பெயரும் எழுதியில்லை. கொல்லியில் ஓரிக்கு மாலை சாற்றும் அந்த ஆடிப்பெருக்கின் நாட்களில், கரையில் நின்று அதைக் கண்டு உகப்பவர்கள் நாம். அந்த உகப்பில் நம் பெயருக்கு இடமில்லை என்பது நமக்குக் குறையாகத் தோன்றாத நாளை, கொல்லிக்குக் காவலரான குலசேகரப்பெருமாள் நமக்கும் அருளவேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்

அடியேன் ராமாநுஜ தாஸன்